தாளிக்காத வாரம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதற்காகப் பயப்படுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. சுகர், பிரஷர், பிள்ளைகள் ஓட்டும் பைக் என்று அவர்களாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு விடுகிறார்கள். எனக்கோ இதெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பயம் வந்துவிட்டது. கேஸை மூடினேனா என்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை போன ஆட்டோவைத் திருப்பச் சொல்லுகிற ஆள் நான்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்து மேட்டுத் தோட்டத்துக்குப் போனோம். ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னக் குன்று அது. உச்சியில் ஒரு தாவரத் தோட்டம். இப்போது டிக்கெட், கைப்பிடிக் கம்பி, குடிநீர்க் குழாய் எல்லாம் வந்துவிட்டன. முழங்காலைக் கெஞ்சிக் கெஞ்சி மேலே போனால், ஒரு மரத்தைச் சுற்றி வேலி போட்டு, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கூட வந்தவர்கள் அந்த வேலியிலேயே சாய்ந்து செல்ஃபி எடுத்தார்கள். நான் தள்ளி நின்று புடவைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டேன். வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். வெயிலாவது ஒன்றாவது. அந்த மரத்துக்குத்தான்.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலை. கோட்டைக்குக் கிழக்கே ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்காரம்மா, மலையாளி, நல்ல மனுஷி, ஆனால் எங்கள் சமையல் புகையைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அம்மாவும் அப்பாவும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி காலேஜில் தாவரவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்த தாத்தா அவளை அரை மனதோடுதான் படிக்க விட்டிருந்தார். ஒரே தடவையில் பாஸாகிவிட்டால் மேலே படிக்கலாம். ஒன்று தவறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருந்த உரக்கடைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். தாத்தா சொன்னால் சொன்னதுதான். அவருக்கு எதிரே நின்று மறுபேச்சுப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை சித்திக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். சேகரித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிய செடிகளை அன்று கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்று போகாதவர்களுக்கு அடுத்த வருஷம்தான்.

அந்தச் செடிகளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் மேட்டுத் தோட்டம். வயசுப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். பயந்தாங்கொள்ளியைத் துணைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்! அணில் ஓடினாலே நான் சித்தியின் தாவணியைப் பிடித்துக்கொள்வேன். வெட்டுக்கல் படிகளில் பாசி வழுக்கும். மேலே கண்ணாடி உடைந்த ஒரு செடிக்கூடம். உள்ளே நுழைந்தால் ஈரத் துணியை மூக்கில் வைத்த மாதிரி இருக்கும். மரங்களில் தகரத் துண்டு தொங்கவிட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். பாதி துருப்பிடித்துக் கீழே விழுந்திருக்கும். ஒரு பக்கம் பார்த்தால் தென்னை உச்சிகளுக்கு அப்பால் கடல் கோடாகத் தெரியும். மறுபக்கச் சரிவில் சித்தியின் காலேஜ். அங்கே மணி அடித்தால் மேலே கேட்கும். சித்தியிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது, மூடியில் ரோஜாக் கொத்துப் படம் போட்டது. பறித்ததையெல்லாம் ஈரத்துணியில் சுற்றி அதற்குள் வைப்பாள். அந்த டின் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இறங்கப் போகிற நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடி வேறு. எனக்கு இடி என்றால் உயிர் போய்விடும். சித்தி என்னை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய மரத்தடியில் ஒதுங்கினாள். பெயர்த் தகரம் விழுந்துபோன மரம். தாவணியை விரித்து என்னை அதற்குள் மூடிக்கொண்டு, தன் தலையைக் குனிந்து எனக்குக் கூரை மாதிரி நின்றாள். அவள் மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டது. பவுடரும் நசுங்கிய இலையும் கலந்த வாசனை. மழை விட்டபின் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தோம்.

மறுநாள் காலையில் சித்திக்கு முகமே இல்லை. கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. கழுத்திலும் கைகளிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, முத்து முத்தாகக் கொப்புளம். அம்மா விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நேற்று வரை "ஏட்டி" என்று கூப்பிட்ட தங்கையை "தாயே" என்று கூப்பிட்டாள்.

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே பெரியம்மையில் போய்விட்டான். வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. அம்மாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளி அரைஞாண் மட்டும் துணியில் சுற்றி இருந்தது. பங்குனி மாசம், வெயில், உடம்பெல்லாம் முத்து. அம்மாவுக்கு வேறு எதுவும் தோன்ற வழியே இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டுக்குள் முத்தாரம்மன் வந்து சித்தியின் உடம்பில் உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான்.

உங்களுக்கும் நினைவிருக்கும், அம்மை கண்ட வீட்டின் சட்டதிட்டங்கள். தாளிக்கக் கூடாது. எண்ணெய் கூடாது. தலை வாரக் கூடாது. விருந்தாளி கூடாது. டாக்டரும் ஊசியும் கூடவே கூடாது, அம்மனுக்குக் கோபம் வரும். வேப்பிலைப் படுக்கை, இளநீர், நீர்மோர், பழைய வெள்ளை வேட்டி. கடுகு வெடிக்காத வீட்டில் என்ன ஒரு அமைதி! பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க அடுக்களை மூலையில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொசு கடித்த தடிப்பு ஒன்று தெரிந்தால் போதும், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன்.

அப்பாவின் பயம் வேறு மாதிரி. கடை முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு வராதே என்பார், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்வார். வாசலில் அம்மா செருகிய வேப்பங்கொத்தை அவர் எடுத்துப் பின்வாசலில் செருகுவார். அம்மா அதை எடுத்து மறுபடி முன்னால் செருகுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டாம் நாளே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டார். காலி பண்ணச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். இது அம்மையும் இல்லை கிம்மையும் இல்லை, சேர் மரம் தீண்டியிருக்கிறது, அதன் பால் பட்டால் இப்படித்தான் என்றார். சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவார்களே சேங்கொட்டை, அதற்கு உறவுக்கார மரம். அதற்கு மருந்து தான்றி மரம், மலையாளத்தில் தான்னி. சேர் அப்பாவாம், தான்னி அம்மாவாம். தான்னியைச் சுற்றி வந்து, "சேரச்சன் செய்த பிழ தான்னியம்ம பொறுக்கணே" என்று சொன்னால் இறங்கிவிடுமாம். அவர் ஊரில் எல்லாரும் செய்வதுதானாம்.

அவர் சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. அம்மன் வந்திருக்கும் வீட்டில் நின்று சிரித்தவர் சொல்வதை அம்மா எப்படிக் கேட்பாள்? ஜன்னலைச் சாத்திவிட்டு, அவருக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு விளக்கேற்றினாள்.

சித்தியும் அதையேதான் சொன்னாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "எக்கா, இது அம்மை இல்ல. அந்த மரத்துப் பால் மழையில கரைஞ்சு எம்மேல விழுந்திருக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே நின்னிய," என்றாள் அம்மா. "பிள்ளைக்கு ஒரு பொட்டு இல்லையே, தாயே."

நான் தாவணிக்குள் நின்றேன் என்று சொன்னேன். அம்மா என்னைப் பேசாதே என்று கையமர்த்தினாள். அம்மன் இருக்கும் அறையில் சின்னப் பிள்ளைகள் தர்க்கம் பேசக் கூடாது.

அம்மை கண்டவள் வாயால் கேட்டதைத் தட்டக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் ஒன்று. கேட்பது அவளல்ல, அம்மன். சித்தி நடுப்பகலில் நுங்கு கேட்டால் அப்பா கடையில் பொய் சொல்லிவிட்டு நுங்கு தேடி ஓடுவார். ஆனால் சனிக்கிழமை காலேஜுக்குப் போக வேண்டும் என்று அழுதால் மட்டும் அம்மா அசையமாட்டாள். "அம்மன் இளநி கேப்பா, நுங்கு கேப்பா. பரீட்சை கேக்க மாட்டா," என்றாள் என்னிடம். அது சித்தியின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகு சித்தி பரீட்சை என்ற சொல்லையே எடுக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. அழுதுகொண்டிருந்தவரை அவள் சித்தி. அழுகையை நிறுத்தியபின் அந்த வெள்ளை வேட்டிக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிகிற நேரத்துக்கு அப்பா முதல் பஸ்ஸில் நாகர்கோவில் புறப்பட்டார், தாத்தாவை அழைத்து வர. தாத்தா வந்தால் வண்டி வைத்துச் சித்தியை ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். அது எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவின் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்து கண்கள் கீறல் அளவுக்குத் திறந்திருந்தன. அவள் சாமியாடவில்லை. குரலை மாற்றவில்லை.

"எனக்கு மலை ஏறணும்," என்றாள். "மேட்டுத் தோட்டத்துல ஒரு மரம் நிக்கி. அதைச் சுத்தி வரணும். இலைப் பெட்டியும் தாளும் கூட வரணும்."

எப்போதும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு எக்கா போடுகிறவள். அன்று எக்கா இல்லை. அம்மாவும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கையிலிருந்த செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்பா இல்லை. கேட்க ஆளில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. பிறகு இன்னொரு வெள்ளை வேட்டியை எடுத்துச் சித்தியின் தலையோடு போர்த்தி, கூந்தலில் வேப்பிலைக் கொத்து செருகி, என்னிடம் டின்னையும் செடி ஒட்டிய தாள் கட்டையும் கொடுத்தாள்.

ஊர் எழுந்திருக்கும் முன்பே நடந்தோம். பால்காரர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றார். அம்மா வெறுங்காலோடு முன்னால் போனாள். நடுவில் வெள்ளை மூட்டை மாதிரி சித்தி. பின்னால் நான். டின் என் நெஞ்சோடு மோதி மோதிச் சத்தம் போட்டது; சத்தம் கேட்டு அம்மன் கோபிப்பாளோ என்று இறுக்கி அணைத்துக்கொண்டேன். படி ஏறும்போது சித்தி வழுக்கினாள். அம்மா திரும்பிப் பார்த்தும் தொடவில்லை. அம்மனைத் தொட அவளுக்குப் பயம். என்னிடம் கையைக் கொடு என்று சைகை காட்டினாள். நான் கையை நீட்டினேன். சித்தியின் கை கொதித்தது. நடுங்கவும் செய்தது. அம்மனுக்குக் கை நடுங்குமா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

மேலே காவல்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். திறக்க நேரமாகும் என்று சொல்ல வாயெடுத்தவர், வேட்டிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சேராணோ?", சேர் மரமா, என்று சாதாரணமாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கிய வேறு ஒரு தம்பதியும் இப்படித்தான் வந்தார்களாம். தான்றி மரத்தைக் கைகாட்டிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அம்மா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

சித்தி தான்றியைச் சுற்றினாள். வீட்டுக்காரம்மா சொன்ன வரியை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள். கும்பிட்ட கையோடு அம்மாவும் பின்னால் சுற்றினாள். வாயில் முத்தாரம்மன் பெயர். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் சுற்றினேன், இரண்டு பேரின் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு. பிறகு சித்தி வேரில் உட்கார்ந்து கீழே காலேஜ் இருந்த பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் கையிலிருந்த தாள் கட்டுக்குக் கை நீட்டினாள்.

அம்மா அவள் எதிரே வந்து நின்றாள். "இப்ப பேசுகது அம்மனா, நீயா?"

சித்தி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"சொல்லு. அவனுக்கு அம்மை கண்டிருக்கச்ச, என்னை வெளிய தூக்கிட்டுப் போம்மான்னு கேட்டான். காத்து படக் கூடாதுன்னாவ. நான் தூக்கல. அவன் வாயால அம்மன் கேட்டா, நான் தட்டினேன். அதான் எடுத்துக்கிட்டா. இன்னைக்குக் கேட்டதும் கொண்டுவந்தேன். சொல்லு, கேட்டது யாரு?"

அம்மா அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தியின் கீறல் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து வீக்கத்தின் மேல் ஓடியது. உப்பு பட்டு எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள்.

"நான்தாங்க்கா," என்றாள். "நான்தான் கேட்டேன்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மன் பெயரை வைத்து விளையாடிய வீட்டில் அடுத்து யார் என்று நினைத்தேன். அது நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? என் கைகளை மறுபடி பார்த்தேன்.

அம்மா குனிந்து சித்தியின் தலையிலிருந்த வேப்பிலைக் கொத்தை உருவி வேரடியில் வைத்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த கூந்தலை விரலால் கோதத் தொடங்கினாள். அம்மை கண்டவளுக்குத் தலை வாரவே கூடாது. அம்மா ஒவ்வொரு சிக்காக எடுத்து, இறுக்கிப் பின்னி, தன் கொண்டையில் இருந்த நாடாவை அவிழ்த்து முடிந்துவிட்டாள். வெள்ளை வேட்டியை உருவிக்கொண்டு, தாவணியை நேராக்கினாள். கீழே காலேஜ் மணி கேட்டது.

"போ, ஏட்டி," என்றாள்.

சித்தி தாள் கட்டை அணைத்துக்கொண்டு மறுபக்கச் சரிவில் இறங்கினாள், ஓட முடியாமல் ஓடினாள். அவள் மறையும் வரை பார்த்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். "தாத்தா கேட்டா, அம்மன்தான் மலை ஏறணும்னு கேட்டான்னு சொல்லு."

"அது பொய்யில்லையாம்மா?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள காரியம். நான் பாத்துக்கிடுகேன்," என்றாள். அவள் என்றது சித்தியை அல்ல என்பது எனக்கே புரிந்தது.

சித்தியின் டீச்சர் அவள் முகத்தைப் பார்த்ததும் எந்த மரம் என்று கேட்டாராம். தேர்வாளர் அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டாராம். சாயங்காலம் தாத்தா வந்தார். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் சொன்னேன். எவர் பேச்சையும் கேட்காத மனிதர், அம்மன் பேச்சென்றதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இளைய மகள் முன்னால் கும்பிட்டார். வந்த வழியே தனியாகத் திரும்பிப் போனார். முடிவு வந்ததும் முத்தாரம்மனே வந்து பரீட்சை எழுதினாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். சித்தி வெளியூர் போய்த் தங்கி மேலே படித்து, பாலக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜில் வாத்தியாராகி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். உரக்கடைக்காரர் வேறு பெண் பார்த்துச் சுகமாகவே இருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மட்டும் முடியவில்லை. அந்தக் கோடை முழுக்கத் தினமும் காலையில் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகு, கழுத்து, காது மடல் என்று தடவித் தடவிப் பார்ப்பாள். அவள் விரல் குளிர்ந்திருக்கும். பார்த்து முடித்ததும் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்த மாதிரி மூச்சு விடுவாள். என்னுடைய இந்தப் பயம் அந்த விரலிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அடுத்த பங்குனியில், யாருக்கும் ஒன்றும் இல்லாதபோதே, அம்மா ஒரு வாரம் தாளிப்பதை நிறுத்தினாள். எண்ணெய் இல்லை, தலை வாருவதில்லை, வாசலில் வேப்பங்கொத்து. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அவளுடைய கடைசி வருஷம் வரைக்கும் அப்படியே. ஏனென்று கேட்டால் நேர்ச்சை என்பாள். சித்திக்குச் சுகமானதற்கு நன்றிக்கடன் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்பா, உங்கம்மாவுக்குப் பங்குனிக் கிறுக்கு வந்துவிட்டது என்று சொல்லி ஹோட்டலில் சாப்பிடப் போவார். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். நன்றி சொல்லுகிறவளுக்கு முகம் அப்படி இருக்காது என்று எனக்கு உறைக்க இத்தனை வயதாயிற்று.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இந்தப் பங்குனியில் சித்தி என்னோடு வந்து தங்கியிருந்தாள். எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். மேட்டுத் தோட்டத்தில் அந்த மரத்துக்கு வேலி போட்டிருப்பதைச் சொன்னேன். சிரித்தாள். மறுநாள் காலையில் ரசத்துக்குத் தாளிக்க வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். கடுகை எடுக்கிற நேரத்தில் பின்னால் வந்து நின்றவள், எட்டி அடுப்பை அணைத்தாள்.

"இந்த வாரம் தாளிக்காண்டாம் மக்கா. நான் எங்க வீட்டுலயும் தாளிக்க மாட்டேன்."

"எப்போதிலிருந்து சித்தி?"

"அந்த அடுத்த வருஷத்துலேர்ந்து. பொய் சொன்னது நான்லா? அக்காவுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதே."

அம்மாவும் தாளிக்காமல் இருந்ததை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் இருந்ததை அம்மாவிடமும் யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல வாயெடுத்து, சித்தியின் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டேன். வாணலியை இறக்கி வைத்தேன். அன்று தாளிக்காத ரசத்தை இருவரும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சித்தி, நானும் ஒருதரம் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள்.